குடிபூரலுக்கு ஒரு திகதி

என் அத்தான் நவரட்ணராஜா தன் இத்தனை வருஷ உத்தியோகத்தில் ஒருத்தருக்கும் திகதி சொன்னதில்லை. கண்டியில் ஓர் அரச திணைக்களத்தில் அவர் பிரதம இலிகிதர். மேசைக்கு முன்னால் வந்து நிற்கும் சனத்துக்கு, "அடுத்த கிழமை அளவிலை ஒருக்கா வந்து பாருங்கோ" என்பார். அடுத்த கிழமை போனால் அதற்கடுத்த கிழமை. திகதி கொடுக்காதவன் பிந்துவதே இல்லை என்பது அவருடைய கொள்கை. அந்த அலுவலகத்தில் அவர் பெயரில் ஒரு முறைப்பாடும் கிடையாது, ஏனென்றால் முறைப்பாடு கொடுக்க வந்தவர்களையும் அடுத்த கிழமை அளவில்தான் வரச் சொல்லியிருப்பார்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு வீட்டை வாங்கப் போய், அதைக் கட்டுகிறவரிடம் ஒரு திகதிக்காகக் கெஞ்சியதை இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

நான் றஞ்சனா. அவர் மனைவி கோசலாவின் தங்கை. வங்கியில் வேலை. கலியாணம் கட்டவில்லை, சின்னக் கார் ஒன்று வைத்திருக்கிறேன். இந்த இரண்டு குற்றங்களுக்கும் தண்டனையாக, குடும்பத்தில் யார் எங்கே போவதென்றாலும் நான்தான் சாரதி. ஆகவே இந்தக் கதையில் நடந்த முக்கால்வாசி விஷயத்துக்கு நான் நேரடிச் சாட்சி.

முதலில் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலியாணம் கட்டி யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்த நாள் முதல் அவள் வாடகை வீட்டில்தான். கட்டுகஸ்தோட்டை, அம்பிட்டிய, மஹய்யாவ, பிறகு மஹய்யாவவிலேயே இரண்டு ஒழுங்கை தள்ளி இன்னொன்று. வீட்டுக்காரர்கள் வேறு வேறு ஆட்கள், ஆனால் எல்லோருக்கும் ஒரே சட்டம்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. சாமிப் படங்களை அக்கா அலுமாரிக்கு மேல் சாய்த்து வைத்திருந்தாள். யாராவது அலுமாரிக் கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்தினால் முருகன் வள்ளி தெய்வானையோடு முகங்குப்புற விழுவார். கலியாணப் படம் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. எனக்கென்று ஒரு சுவர், அதில் நான் நினைத்த இடத்தில் ஓர் ஆணி. இதைத் தவிர அவள் அத்தானிடம் வேறெதையும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. அதற்கும் அத்தான் அடுத்த வருஷம் அளவில் பார்ப்போம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இரண்டும் படித்து முடித்து வெளிநாடு போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆளுக்கு உறைத்தது. அதற்கும் காரணம் அன்பல்ல. இப்போதிருக்கும் வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கலியாணம் பேசிவிட்டு, புரட்டாதிக்குள் வீட்டை விட்டுவிடச் சொல்லியிருந்தார்.

குண்டசாலையில் பஹீம் என்ற மடவளைக்காரர் சரிவான காணியொன்றில் வரிசையாக வீடுகளைக் கட்டி விற்றுக்கொண்டிருந்தார். நேர்மையான மனிதர், திகதி விஷயம் தவிர. மூலை வீடு சுவர் எழும்பிக் கூரையில்லாமல் நின்றது. அத்தான் வடிகானைப் பார்த்தார், வாசற்படி எந்தத் திசை என்று பார்த்தார், பக்கத்து வீட்டு நாயைப் பார்த்தார். அக்கா மழையில் நனைந்திருந்த ஒரு சுவரில் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை. அங்கேயே வீடு முடிவாகிவிட்டது.

தை மாதத்தில் உடன்படிக்கை எழுத நொத்தாரிசு திரேசாவின் அலுவலகத்துக்குப் போனோம். திரேசா மஹய்யாவவில் பிறந்து வளர்ந்தவள், கத்தோலிக்கக்காரி, சட்டத்தையும் சந்தையில் பேசுகிற தொனியில் பேசுவாள். மற்றதெல்லாம் மளமளவென்று முடிந்தது. ஒரேயொரு வெற்றிடம்தான் மிச்சம். வீட்டை முடித்துச் சாவியைக் கையளிக்கும் திகதி.

ஆகஸ்ட் மட்டில் முடிந்துவிடும், இன்ஷா அல்லாஹ் என்றார் பஹீம். ஆகஸ்டில் எந்தத் திகதி என்று கேட்டார் அத்தான். வாழ்நாளில் அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்தது அதுதான் முதல் தடவை.

பஹீம் விரல் மடக்கத் தொடங்கினார். நோன்பு மாதத்தில் பாதி நாள் வேலைதான். சித்திரைப் புதுவருஷத்துக்கு ஊருக்குப் போகும் மேசன் பாஸ்மார் எப்போது திரும்புவார்கள் என்பது அவர்களுடைய மனைவிமாருக்கே தெரியாது. பிறகு ஹஜ்ஜுப் பெருநாள். பெரஹரா ஊர்வலக் காலத்தில் மணல் லொறி கண்டியைத் தாண்டி வராது. மழைக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது. அவர் முடித்ததும் அத்தான் பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகுவதை நாங்கள் குடிபூரல் என்போம். அது ஆனியில் சரிவராது, ஆடியில் கூடாது, புரட்டாதியில் கூடாது, மார்கழியில் கூடவே கூடாது. ஆவணி நல்லது, ஆனால் செவ்வாய் சனி வேண்டாம், அட்டமி நவமி வேண்டாம், கரிநாள் வேண்டாம், அக்காவின் நட்சத்திரத்துக்குச் சந்திராட்டமம் வேண்டாம். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக வருஷத்தை வெட்டிக்கொண்டே போனார்கள். திரேசா பேனையை மூடி வைத்தாள்.

"தவக்காலம் மட்டுந்தாங்க பாக்கி. என் பங்குக்கு அதையும் சேத்துக்கவா?"

கடைசியில் ஒட்டுமொத்த வருஷத்திலும் உயிரோடு எஞ்சியது ஆவணியில் ஒரு வியாழக்கிழமை. திரேசா அதை எழுதினாள். பஹீம் பிஸ்மி சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அத்தான் பேனையை எடுத்தார், திரும்பக் கீழே வைத்தார். இடையில் ஏதாவது ஓர் 'இது' நடந்தால் திகதியை மாற்றலாம் என்று ஒரு வசனம் சேர்க்க முடியுமா என்று கேட்டார். என்ன இது என்று கேட்டாள் திரேசா. அத்தான் சுவரைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு விளங்கிவிட்டது.

கோண்டாவிலில் அத்தானுக்கு ஒரு பெரியப்பா இருக்கிறார். ஓய்வுபெற்ற தபாலதிபர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை குட்டி கிடையாது, ஆனால் வாய் இருக்கிறது. மார்கழியில் ஆள் படுத்த படுக்கை. அயலில் இருக்கும் சுந்தரி என்ற பெண்தான் சமைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறாள். தை தாண்டாது என்று வந்து பார்த்த வைத்தியர் சொல்லியிருந்தார். பிள்ளையில்லாதவர் என்றபடியால் கொள்ளி வைக்க வேண்டியவர் அத்தான். கொள்ளி வைத்தவர் வீட்டில் ஆண்டுத்திவசம் முடியும்வரை ஒரு நல்ல காரியமும் நடக்காது. குடிபூரலும் நடக்காது. பெரியப்பா ஆவணிக்கு முன் கண்ணை மூடினால், அக்காவுக்கு இன்னொரு வருஷம், இன்னொரு வாடகை வீடு, ஆணி அடிக்க முடியாத இன்னொரு சுவர்.

பால் காய்ச்சாமலே போய் இருந்தால் என்ன என்று நான் ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் நான் அன்றே ஞானஸ்நானம் எடுத்திருக்கலாம்.

அன்று அந்த மேசையில் வைத்துத் திரேசாவுக்கு நான் காதோடு காதாக விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குக் காதோடு காது என்பதெல்லாம் கிடையாது.

"சாவுன்னா சாவுன்னு எழுதிருவோங்க. அதுல என்ன?"

அத்தானின் முகம் வெளுத்தது. உயிரோடு இருக்கிற மனிதரின் சாவை முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்து எழுதினால் பலித்துவிடும் என்பது அவருடைய பயம். அரச ஆவணங்களில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. வசனமே வேண்டாம் என்றார். ஆனால் பஹீமுக்கு எதையாவது சொல்லி அவசரத்தை விளங்கப்படுத்த வேண்டும்.

"யாழ்ப்பாணத்திலை எங்கடை பெரியப்பா ஒருத்தர் இருக்கிறார். சுகமில்லை. அவர் இருக்கேக்கையே வீடு முடியோணும். அவ்வளவுதான்."

பஹீமின் முகம் மாறியது. நெஞ்சில் கை வைத்து, விளங்குகிறது சேர், இனி இது என்னுடைய கடமை என்றார். என்ன விளங்கியது என்று அன்றைக்கு நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அடுத்த நாளே அத்தான் கோண்டாவிலுக்குத் தொலைபேசி எடுத்தார். அதுவரை வருஷத்துக்கு ஒரு தடவை, சித்திரைப் பிறப்பன்று, அதுவும் அக்கா நம்பரை அழுத்திக் காதில் வைத்துவிட்டால்தான் பேசுவார். இப்போது தினமும் காலையில் தேத்தண்ணி குடித்த கையோடு எடுத்தார். இராத்திரி நித்திரை வந்ததா, சளி எப்படி, என்ன சாப்பிட்டார், வயிற்றால் போனதா என்று ஒன்று விடாமல் விசாரிப்பார். பெற்ற தகப்பனிடம் அவர் இவ்வளவு கேட்டிருக்க மாட்டார். பால்மா டின், போர்வை, சத்து மருந்து என்று பொதி பொதியாகப் போனது. எங்கள் சொந்தத்தில் யாழ்ப்பாணத்தில் வைத்தியராக இருக்கும் ரிஷிகேசனைப் பிடித்து, கிழமைக்கொரு தடவை போய்ப் பார்க்க ஏற்பாடு செய்தார். அக்கா கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தாள். பெரியப்பாவின் ஆயுளுக்காக இந்தக் குடும்பம் இவ்வளவு பக்தியாக இருந்ததை நான் கண்டதே இல்லை.

பெரியப்பா தையைத் தாண்டினார். மாசியில் எழுந்து உட்கார்ந்தார். பங்குனியில் சுந்தரியின் சமையலில் குற்றம் கண்டுபிடிக்கத் தொடங்கினார். ஆள் தேறிவிட்டது என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

அந்தப் பக்கம் குண்டசாலையில் வீடு படுத்துவிட்டது. கூரைத் தகடு வந்தால் ஆணி வரவில்லை. ஆணி வந்தால் பாஸ் வரவில்லை. பாஸ் வந்தால் மழை வந்தது. என் கார் கிடைக்காத நாளில் பேருந்தில் போய் இறங்கி, முச்சக்கரவண்டி பிடித்து, அத்தான் வாரத்தில் மூன்று தடவை அங்கே போய் நிற்பார். அலுவலகத்தில் யாராவது கோப்பு எந்தளவில் என்று கேட்டால் எரிந்து விழுகிற மனுஷன், இங்கே சேற்றில் நின்று கதவு நிலை எந்தளவில் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த கிழமை மட்டில் வந்து பாருங்க சேர் என்று பஹீம் சொன்னபோது நான் காருக்குள் தனியாக இருந்து சிரித்தேன்.

ஆனால் ஒன்று. போகும் ஒவ்வொரு தடவையும் பஹீம் முதலில் கேட்பது வீட்டைப் பற்றியல்ல.

"பெரிய வாப்பா எப்படி ஈக்கிறாரு சேர்?"

மேசன்வேலை செய்யும் சரத் பாஸும் தன் உடைந்த தமிழில் லொக்கு தாத்தாவுக்குச் சுகமா என்று விசாரிப்பார். பெரியப்பாவைச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பஹீமின் மனைவி கைரியா நோன்பு மாதத்தில் கஞ்சி அனுப்பினாள், பெரியவருக்கு இதம் என்று. கோண்டாவிலுக்குக் கஞ்சி போகாது என்று அவளுக்குத் தெரியாதா என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. கஞ்சியை நாங்கள்தான் குடித்தோம். நன்றாக இருந்தது.

ஆடியில் இடி விழுந்தது. பெரியப்பாவுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று சுந்தரி அறிவித்தாள். அத்தான் ரிஷிகேசனுக்கு எடுத்து, எவ்வளவு காலம் தாங்கும், சும்மா ஒரு உத்தேசத் திகதி சொல்லு என்று கேட்டார். வைத்தியர்மார் திகதி சொல்வதில்லை அண்ணை என்றான் அவன். அத்தான் தொலைபேசியை வைத்துவிட்டு, எல்லாரும் ஒரே மாதிரிதான் என்று முனகினார். ஆர் சொல்லுவது பாருங்கள்.

அன்று பின்னேரம் குண்டசாலைக்குப் போய் பஹீமிடம் ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னோம். மனிதர் ஆடிப்போய்விட்டார். மற்ற வீடுகளில் நின்ற ஆட்களையெல்லாம் அங்கேயே கூப்பிட்டு மூலை வீட்டுக்கு மாற்றினார். பெரஹராவுக்குப் போகவிருந்த சரத் பாஸ், யானையை அடுத்த வருஷமும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வேலையில் நின்றார். ஜும்மாவில் பெரிய வாப்பாவுக்காகத் துஆ கேட்டதாகப் பஹீம் பிறகு சொன்னார். பிள்ளையார் ஒரு பக்கம், பள்ளிவாசல் ஒரு பக்கம். பெரியப்பா பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். வீடும் பூச்சு முடிந்து தரை ஓடு பதிக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டது. இப்படி அக்கறையான ஒரு கட்டடக்காரரை உலகத்திலேயே காண முடியாது என்று அத்தான் பூரித்துப் போனார்.

ஆவணி பிறந்து, குறித்த வியாழனுக்குக் கொஞ்ச நாள் இருக்கையில் வீட்டைப் பார்க்க வரச் சொன்னார்கள். நாங்கள் மூவரும் போனோம். வாசலில் படிகள் இருக்க வேண்டிய இடத்தில் சரிவாக ஒரு பாதை போட்டிருந்தது. கீழ் அறையின் கதவு மற்றக் கதவுகளைவிட அகலம். அந்த அறையோடு ஒட்டிய குளியலறையில், சுவரோடு சுவராக, பளபளவென்று ஓர் இரும்புக் கம்பி, பிடித்துக்கொண்டு எழும்புவதற்கு வசதியான உயரத்தில்.

இதெல்லாம் ஆர் சொல்லிச் செய்தது என்று அத்தான் குரலை உயர்த்தினார். பிளானில் இல்லாததை ஏன் செய்தீர்கள், இதற்குத்தானா நாள் போனது என்று கத்தினார். சரத் பாஸ் சீமெந்துக் கையோடு ஒதுங்கி நின்றார். பஹீமுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"பெரிய வாப்பாக்குத்தானே சேர். படியில ஏற ஏலாதே அவருக்கு. பாத்ரூம்ல விழுந்துட்டா பொறகு என்ன செய்ய? இந்தக் கம்பி என்ட ஹதியா, சல்லி வேணாம், பொண்டாட்டி சொல்லித்தான் போட்டேன்."

எங்கள் சம்பிரதாயமெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? சாகக் கிடக்கிற ஒரு கிழவர் உயிரோடு இருக்கும்போதே வீடு முடிய வேண்டும் என்று ஒருவர் தலைகீழாக நின்றால், அந்தக் கிழவரை அந்த வீட்டில் கொண்டுவந்து வைத்துப் பார்க்கத்தான் என்று எந்த நல்ல மனிதனும் நினைப்பான். பஹீம் நினைத்தார். கைரியா நினைத்தாள். சரத் பாஸ் நினைத்தார். இத்தனை மாதமாக அவர்கள் கட்டிக்கொண்டிருந்தது பெரியப்பாவின் வீட்டை.

இல்லை, அவர் வரமாட்டார், அவர் செத்துத் தொலைக்காமல் இருந்தால் எங்களுக்குப் போதும் என்று அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "நல்லது" என்றார் அத்தான். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே. அக்கா கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காருக்குள் போய் ஏறினாள். திரும்பி வரும் வழியில் தென்னக்கும்புர பாலம் வரை நான் அடக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு சிரித்துவிட்டேன். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நான் குடிபூரல் சாமான்களை ஏற்றப் போயிருந்தேன். அத்தான் வழக்கம்போல் கோண்டாவிலுக்கு எடுத்தார். அடுப்படியில் நின்ற அக்காவுக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டிருந்தார். சளி, சாப்பாடு, நித்திரை எல்லாம் வரிசையாகக் கேட்டு முடித்தார். பெரியப்பா எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றார். பிறகு அவருடைய குரல் மாறியது.

"ராசா, எனக்கும் பஞ்சாங்கம் பாக்கத் தெரியும். தையிலை நீ எடுத்த முதல் நாளே எனக்கு விளங்கீட்டுது. நான் போனால் உனக்கு ஒரு வருசம் குடிபூரல் இல்லை. பயப்பிடாதை. வியாழக்கிழமை மட்டும் நான் போகமாட்டன்."

அத்தான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஏதாவது சொல்லித் தொலையுங்கோ என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அந்தப் பக்கத்தில் கிழவர் இருமி முடித்துவிட்டுக் கேட்டார்.

"வெள்ளிக்கிழமையும் எடுப்பியோ?"

சுந்தரி தொலைபேசியை வாங்கி, ஐயாவுக்கு மூச்சு இளைக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. நாங்கள் இத்தனை நாளும் அந்த மனிதரின் நாடியைத்தான் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவரோ, எதற்காக எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டே, ஒவ்வொரு நாளும் அந்த மணி அடிப்பதைக் கேட்பதற்காக உயிரைப் பிடித்து வைத்திருந்திருக்கிறார். அத்தான் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. பந்தல் கயிற்றை எடுத்து முடிச்சுப் போட்டார், அவிழ்த்தார், திரும்ப முடிச்சுப் போட்டார்.

வியாழக்கிழமை மழையில்லை. கண்டியில் அதுவே ஓர் அதிசயம். ஐயர் வந்தார், ஓமப்புகையில் எல்லோரும் அழுதோம், பால் பொங்கிக் கிழக்குப் பக்கம் வழிந்தது. சரத் பாஸ் தன் வீட்டு விசேஷம்போல் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். சிங்கள வழக்கத்திலும் பால்தான் பொங்க வேண்டும். திரேசா வடையைத் தின்றுகொண்டே, ஒப்பந்தத்தில் எழுதிய திகதியில் சாவி கைமாறிய வீட்டைத் தன் தொழிலில் முதன்முதலாகப் பார்ப்பதாகச் சொன்னாள். பஹீமும் கைரியாவும் வட்டிலப்பத்தோடு வந்து, நேரே கீழ் அறையைப் போய்ப் பார்த்தார்கள். அறையில் சாக்குகளும் வாழைக்குலையும் கிடந்தன.

"பெரிய வாப்பா எங்க?" என்று கேட்டாள் கைரியா.

எல்லோரும் அத்தானைப் பார்த்தோம். அவருக்கு வியர்த்தது.

"அடுத்த கிழமை அளவிலை வருவார்" என்றார்.

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். இத்தனை வருஷமாக அந்தச் சொல்லைக் கேட்டுச் சலித்த பார்வை. பிறகு எல்லோருக்கும் பால் ஊற்றிக் கொடுத்தாள்.

சனம் போன பிறகு அவள் சுத்தியலை எடுத்தாள். முதல் ஆணி வளைந்து பறந்தது. இரண்டாவதும் வளைந்தது. நான் அடிக்கவா என்று கேட்ட அத்தானுக்கு, தள்ளிப் போங்கோ என்று பதில் வந்தது. அடுத்த ஆணி இறங்கியது. முருகனை மாட்டிவிட்டு, அலுமாரிக் கதவைத் திறந்து வேண்டுமென்றே படாரென்று சாத்தினாள். முருகன் அசையவில்லை. இன்னொரு தடவை சாத்தினாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

நான் அன்று அங்கேயே தங்கினேன். வெள்ளிக்கிழமை விடிந்து அத்தான் தேத்தண்ணி குடித்தார். கோப்பையை வைத்துவிட்டு வழக்கம்போல் சட்டைப்பையில் கை போட்டுத் தொலைபேசியை எடுத்தார், பார்த்தார், திரும்பப் போட்டார். இனி அவருக்குப் பெரியப்பா உயிரோடு இருக்க வேண்டிய அவசியம் ஒன்றும் கிடையாது. நேற்றே வீட்டில் குடிபுகுந்தாயிற்று. எழும்பி அந்தக் குளியலறைக்குள் போனார். கதவு திறந்தேயிருந்தது. கம்பியைப் பிடித்தபடி சும்மா நின்றார். கொஞ்சம் பாரம் கொடுத்து இழுத்துப் பார்த்தார். சரத் பாஸின் வேலை, ஆடவில்லை.

அக்கா வாசலில் நின்று, எடுக்கேல்லையோ என்று கேட்டாள். அவர் எடுத்தார்.

மணி நீண்ட நேரம் அடித்தது. சுந்தரிதான் பேசினாள். ஐயா விடியவே எழும்பித் தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருக்கிறார், மணி அடித்ததும் உடனே எடுக்க வேண்டாம், கொஞ்சம் அடிக்கட்டும் என்று சொல்லிவிட்டார் என்றாள். பின்னால் அவளைத் திட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவரே வந்தார்.

"என்ன, இன்னொரு வீடு வாங்கப் போறியோ?"

"இல்லைப் பெரியப்பா." அத்தானின் குரல் உடைந்தது. அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்று பார்த்தேன். "இஞ்சை குளியலறையிலை ஒரு கம்பி பூட்டிக் கிடக்கு. உங்களுக்கெண்டுதான் பூட்டினது. நீங்கள் வந்து பிடிக்கோணும்."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வரத்தானே வேணும்" என்றார் பெரியப்பா.

"எப்ப? ஒரு திகதி சொல்லுங்கோ. றஞ்சி காரோடை வருவாள்."

என்னை யாரும் கேட்கவில்லை, கவனியுங்கள். கோண்டாவில் வரை ஓடிப் போய், அந்த வாயையும் ஏற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். இருந்தாலும் நான் தலையை ஆட்டினேன், தொலைபேசியில் தெரியும் என்பதுபோல. கிழவர் தொண்டையைச் செருமினார். தபால் கந்தோரில் முத்திரை குத்துவதற்கு முன் அப்படித்தான் செருமியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

"அதை நாளைக்கு எடுக்கேக்கை சொல்லுறன்."

அடுத்த நாள் எடுத்தார். அதை நாளைக்குச் சொல்லுறன் என்று பதில் வந்தது. அதற்கடுத்த நாளும் அதே பதில். வாழைக்குலையும் சாக்கும் போய், கீழ் அறையில் கட்டில் போட்டாயிற்று. பஹீம் வழியில் கண்டால் விசாரிக்கிறார். அத்தான் தினமும் காலையில் தேத்தண்ணி குடித்த கையோடு கோண்டாவிலுக்கு எடுத்து, சளியைப் பற்றிக் கேட்டு, நித்திரையைப் பற்றிக் கேட்டு, கடைசியில் திகதி கேட்கிறார்.